பேட்டரியைக் கழற்றினால் கோப்புகள் அழியாது

"பயாஸ் கடவுச்சொல் மறந்துவிட்டதா? மதர்போர்டு பேட்டரியைக் கழற்றினால் எந்தக் கணினியும் திறக்கும், ஆனால் ஹார்ட் டிஸ்க் அழிந்துவிடும்" என்று குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. பயாஸ் என்பது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். நாணயம் போன்ற அந்த 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி, கடிகாரத்தையும் பயாஸின் அமைப்புகளைச் சேமிக்கும் சீமாஸ் என்ற சிறு நினைவகத்தையும் மட்டுமே காக்கிறது. கோப்புகளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்தப் பயத்தால் நல்ல கணினியை யாரும் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது.

பழைய மேசைக்கணினிகளில், மின்கம்பியை முற்றிலும் பிடுங்கிய பிறகு பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் கடவுச்சொல் பெரும்பாலும் நீங்கும். புதியவை பலவற்றில் அது மின்சாரமின்றியும் நிலைக்கும் சில்லில் பதிவாவதால், கையேட்டில் காட்டியுள்ள ஜம்பரையே (மதர்போர்டின் ஊசிகளை இணைக்கும் சிறு செருகியை) மாற்ற வேண்டியிருக்கும். பிட்லாக்கர் என்ற, வட்டில் உள்ளவற்றைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி இயங்கும் கணினியானால், அமைப்புகள் மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும் என்பதால், அதைத் தேடி எடுத்துக்கொண்ட பிறகே திருப்புளியைத் தொடுங்கள்.