மூன்று மூச்சு பாக்கி

(போன வருடத்து விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அனுப்பியவர் மேலாளர் முன்னால் நிற்கிறார். மேலாளர் கண்ணை மூடியிருக்கிறார். திட்டுகிறவர் கண்ணை மூடினால் நிற்பவருக்கு இன்னும் பயம்.)

ஊழியர்: சார், உடம்புக்கு ஏதாவது?

மேலாளர்: பேசுவதற்கு முன் பத்து மூச்சு. ஆறு முடிந்தது.

ஊழியர்: பழையபடி கத்திவிடுங்கள் சார். இரண்டே நிமிடத்தில் முடியும், நானும் போய் வேலையைப் பார்ப்பேன்.

மேலாளர்: இனிமேல் அது கிடையாது. மூச்சையும் மனதையும் கவனிக்கும் எட்டு வாரப் பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறேன். 1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் மருத்துவமனையில் தொடங்கியது. நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காக.

ஊழியர்: உங்களுக்கு நாள்பட்ட வலி நாங்கள்தானே. பொருத்தமான பயிற்சிதான் சார்.

மேலாளர்: (பல்லைக் கடித்து) ஏழு. சரி, இப்போது என் கோபத்துக்குப் பெயர் வைக்கிறேன். "எனக்கு எரிச்சலாக இருக்கிறது."

ஊழியர்: அதற்குப் போன வாரமே நாங்கள் வேறு பெயர் வைத்துவிட்டோம்.

மேலாளர்: என்ன பெயர்?

ஊழியர்: அடுத்த மூச்சை எடுங்கள் சார்.

மேலாளர்: டொயோட்டாவில் ஒரு பழக்கம் உண்டு. தவறு நடந்தால் "யார்" என்று தேட மாட்டார்கள். "ஏன்" என்று ஐந்து முறை கேட்பார்கள். பழைய பட்டியல் ஏன் போனது?

ஊழியர்: கோப்பின் பெயர் "இறுதி" என்று இருந்தது. புதியதன் பெயர் "உண்மையான இறுதி 3".

மேலாளர்: ஏன் அத்தனை இறுதி?

ஊழியர்: மாலைக்குள் மூன்று முறை விலை மாறியது.

மேலாளர்: ஏன் மாறியது?

ஊழியர்: நீங்கள் மாற்றினீர்கள்.

மேலாளர்: (தயங்கி) எது கடைசி என்று என்னிடம் ஏன் கேட்கவில்லை?

ஊழியர்: போன முறை கேட்டபோது, பதினோரு பேர் முன்னால் "இதுகூடவா தெரியாது?" என்றீர்கள்.

மேலாளர்: ஐந்தாவது ஏன் வேண்டாம்.

ஊழியர்: ஒன்றுதான் பாக்கி சார், கேட்டுவிடுங்கள்.

மேலாளர்: அப்புறம் பார்ப்போம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தார். நன்றாக வேலை செய்த குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே பயப்படாமல் சொன்னார்களாம்.

ஊழியர்: நம் குழுவில் ஆறு மாதமாக ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை என்று போன கூட்டத்தில் பெருமைப்பட்டது நீங்கள்தானே?

(நீண்ட அமைதி. இது பயிற்சியில் சொல்லித்தந்த அமைதி இல்லை.)

மேலாளர்: சரி. சரிபார்க்காமல் அனுப்பியது உங்கள் தவறு. கேட்க முடியாதபடி செய்தது என்னுடையது. இனி ஒரே கோப்பு, பெயரில் தேதி. ஆறு மணிக்கு மேல் விலையை மாற்ற மாட்டேன்.

ஊழியர்: இதை மின்னஞ்சலில் போடுவீர்களா? எல்லோருக்கும் நகலோடு?

மேலாளர்: பதினோரு பேருக்குமா?

ஊழியர்: திட்டியது அவர்கள் முன்னால்தானே சார்.

(மேலாளரின் தொலைபேசி அடிக்கிறது. திரையில் வாடிக்கையாளர் பெயர்.)

ஊழியர்: நானே எடுத்து நடந்ததைச் சொல்லட்டுமா?

மேலாளர்: வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும்.

(மணி தொடர்ந்து அடிக்கிறது.)

ஊழியர்: சார், எடுங்கள்.

மேலாளர்: இருங்கள். இன்னும் மூன்று மூச்சு பாக்கி.