பயந்த அப்பாவின் படம்

ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மகள் 'ஃபைண்டிங் நீமோ' போட்டாள். எத்தனையாவது தடவை என்று கணக்கே கிடையாது. அப்பா எப்போதும் போல ஊஞ்சலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவர் கார்ட்டூன் பார்க்கிற ஆள் இல்லை, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் படம் ஆரம்பித்து நாலைந்து நிமிஷத்தில் பேப்பர் மடிக்கு இறங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சுது பாரு தம்பி" என்றார். அதற்கப்புறம் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். மார்லினும் கோரலும் கோமாளி மீன்கள். பவளப்பாறை ஓரத்தில், கடல் சாமந்திக்குள் புதுக்குடித்தனம். 400-க்கு மேல் முட்டைகள், இன்னும் இரண்டொரு நாளில் பொரிந்துவிடும். என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுக்காவது நீமோ என்று வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்போது ஒரு பாரகூடா வருகிறது. நம் மீன் மார்க்கெட்டில் சீலா என்று விற்கிறார்களே, அந்த இனம். மார்லினுக்கு நினைவு திரும்பும்போது மனைவி இல்லை. முட்டைகள் இருந்த குழி காலி. ஒன்றே ஒன்று மட்டும், ஓட்டில் கீறலோடு, ஓரமாகக் கிடக்கிறது. அதைத் துடுப்பில் ஏந்திக்கொண்டு, உனக்கு ஒன்றும் ஆக விடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான்.

குழந்தைகள் படத்தை இப்படித் தொடங்க வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என் மனைவியே மகளுக்கு 4 வயது ஆகும்வரை அந்தக் காட்சியை ஓட்டிவிட்டுத்தான் போடுவாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஒரு அப்பாவும், அவரிடம் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையும்தான். சிரித்துவிட்டுப் போய்விடலாம். முதல் நாலு நிமிஷம் இருப்பதால்தான் நம்மால் மார்லினைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை.

என் அப்பாவும் பயந்த மனிதர். குத்தாலத்துக்குப் பக்கத்தில், காவிரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. ஆனாலும் எனக்கு நீச்சல் தெரியாது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. கல்லணை தாண்டி, கும்பகோணம் தாண்டி, எங்கள் படித்துறைக்குத் தண்ணீர் வரப் பல நாள் ஆகும். வருகிற அன்று பையன்கள் எல்லாம் காய்ந்த மணலில் இறங்கி நிற்பார்கள். முதலில் சருகும் நுரையும் கலந்து, பாம்பு ஊர்கிற மாதிரி ஒரு கோடுதான் வரும். அதற்கு முன்னால் ஓடுவார்கள். தண்ணீர் துரத்தும், ஓடுவார்கள், கடைசியில் காலைப் பிடித்துவிடும். நான் கரையில், அப்பாவின் கைப்பிடியில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த புதுத்தண்ணீர். ஒரு வருஷம் கையை உதறிக்கொண்டு, "உன்னை எனக்குப் புடிக்கவே இல்ல" என்று கத்தியும் இருக்கிறேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணத்தை அப்பாயிதான் பின்னால் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். அவருக்கு 9 வயது, அப்பாவுக்கு 14. ஒரு ஆடிப் பதினெட்டு அன்று இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டுதான் படித்துறையில் இறங்கியிருக்கிறார்கள். கடைசிப் படியில் பாசி, அதை அடுத்துக் கசம். அப்பாயி அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இந்தப் படத்தைப் பிள்ளை வளர்ப்புக்குப் பாடமாகப் பகிர்கிறவர்கள் நிறையப் பேர். 'பொத்திப் பொத்தி வளர்க்காதீர்கள், நீமோவைப் பாருங்கள்' என்பார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. மார்லின் சொன்ன எது பொய்? கடல் ஆபத்தானது என்றான். பாறையின் விளிம்பைத் தாண்டாதே என்றான். பிள்ளை தாண்டினான், முக்குளிக்க வந்த ஒருவர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சிட்னியில் ஒரு பல் டாக்டரின் மீன் தொட்டியில் போய் விழுகிறான். அப்புறம் சுறா வருகிறது, ஜெல்லி மீன் கூட்டம் வருகிறது. அப்பா பயந்தது அத்தனையும் நடக்கிறது. உன் பயம் வீண் என்று படம் எந்த இடத்திலும் அவனிடம் சொல்லவில்லை. அந்த மரியாதைக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

திமிங்கலத்தின் வாய்க்குள் ஒரு காட்சி. மார்லினும், பிள்ளையைத் தேடிப் போகிற வழியில் அவனோடு சேர்ந்துகொண்ட டோரி என்ற மீனும் நாக்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள். கையை விடு என்கிறாள் டோரி. கெட்டது எதுவும் நடக்காது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான் மார்லின். எனக்குத் தெரியாது என்கிறாள் அவள். பதில் அவ்வளவுதான். ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அவனும் நம்பியிருக்க மாட்டான். தெரியாது என்று கேட்ட பிறகு அவன் விடுகிறான்.

படத்தை இயக்கிய ஆண்ட்ரூ ஸ்டான்டன் தன் சின்ன மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வேலை வேலை என்று போனதில் பிள்ளையோடு இருக்க முடியவில்லையே என்று கூட்டிப் போனவர், போன இடத்தில் அதைத் தொடாதே, இங்கே போகாதே, விழுந்துவிடுவாய் என்றே நேரத்தைக் கழித்துவிட்டாராம். அந்த உறுத்தலிலிருந்து வந்த கதை இது. 2003-ல் வெளியாகி, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஒரு அப்பா தன்னையே பார்த்து வருத்தப்பட்டு எடுத்த படம் என்பதால்தான் மார்லின் மேல் இவ்வளவு இரக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உயிரியல் தெரிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள். நிஜத்தில் கோமாளி மீன்களில் பெண் மீன் செத்துப்போனால் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். உண்மைதான். ஆனால் குஞ்சுக்குக் காவல் நிற்கிற மீனைப் பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் கடலுக்குப் போக வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வாய்க்காலில் விரால் குஞ்சுகள் கொத்தாக மேலே வரும். செம்மஞ்சள் நிறத்தில், குங்குமப்பூவைத் தண்ணீரில் உதிர்த்த மாதிரி இருக்கும். மூச்சு வாங்கிவிட்டு மொத்தமாக உள்ளே போகும், மறுபடி வரும். அதற்கு நேர் கீழே, கலங்கலில் கண்ணுக்குத் தெரியாமல், பெரிய விரால் நிற்கும். மீன் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும். குஞ்சைப் பார்த்தால் அங்கேதான் தூண்டில் போடுவார்கள், ஏனென்றால் அது அந்த இடத்தை விட்டு ஓடாது. அப்பா எங்கள் வயல் மடையில் யாரையும் போட விடமாட்டார். "குஞ்சோட நிக்கிறதத் தொடாதீங்கடா" என்பார்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 2004-ல், தஞ்சாவூரில் படிக்கும்போது, விடுதியில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில். அன்றைக்கு ஆமைகளையும் கடற்பறவைகளையும் பார்த்துச் சிரித்ததுதான் ஞாபகம். இப்போது என்னை நிறுத்துவது வேறொரு இடம். மார்லினின் கதை வாய்வழியாகக் கடல் முழுக்கப் பரவுகிறது. ஆமைக்குஞ்சு மீனுக்குச் சொல்லி, மீன் இன்னொன்றுக்குச் சொல்லி, டால்பின், பறவை என்று போய், கடைசியில் ஒரு கூழைக்கடா பல் டாக்டரின் ஜன்னலில் வந்து நீமோவிடம் சொல்கிறது, உன் அப்பா சுறாவோடு மோதிவிட்டு வந்துகொண்டிருக்கிறார் என்று. சுறாவா, அது என் அப்பாவாக இருக்க முடியாது என்கிறான் பிள்ளை.

நான் கல்லூரியில் இருந்தபோது ஒரு கார்த்திகை மழையில் பஸ் நின்றுபோனது. எனக்குக் காய்ச்சல். விடுதி போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்து நின்றார். மடித்துக் கட்டின வேட்டியில் சேறு, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டின பிளாஸ்க். எப்படி வந்தீங்க என்றதற்கு "வந்தேன்" என்றார். பத்து வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் பால் வண்டி டிரைவர் ஒருவர் சொன்னார். வழியில் ரோட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடியிருக்கிறது, இடுப்புக்கு மேல். வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. அப்பா மட்டும் பிளாஸ்கைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். "உங்கப்பா யார் சொல்லியும் கேக்கலைங்க தம்பி" என்றார். படித்துறையில் கால் வைக்காத மனிதர் என் அப்பா. டீ கிளாஸ் கையில் ஆறிப்போகும்வரை நான் அங்கேயே நின்றேன்.

பலருக்கு அப்பாவும் பிள்ளையும் சேர்கிற இடம் உச்சம். எனக்கு அதற்கு அடுத்தது. இப்போதுதான் பிள்ளை கிடைத்திருக்கிறான். உடனே ஒரு மீன்பிடி வலை இறங்கி, டோரியையும் ஒரு பெரிய மீன் கூட்டத்தையும் வாரிக்கொண்டு போகிறது. எல்லோரையும் கீழ்நோக்கி நீந்தச் சொன்னால் வலை தாங்காது என்று நீமோவுக்குத் தெரியும். அதற்கு அவன் வலைக்குள் போக வேண்டும். மறுபடி இழக்க மாட்டேன் என்கிறான் மார்லின். பிள்ளையின் துடுப்பைப் பிடித்திருக்கிறான். பிறகு விடுகிறான். ஊஞ்சல் ஆடுவது நின்றுவிட்டதை அந்த நேரத்தில்தான் கவனித்தேன்.

படம் முடிந்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் குஞ்சுக்கு என்ன வயசு இருக்கும்?" மகள் அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், என்னை மாதிரி இருக்கும் தாத்தா என்று.

ஆடிப் பதினெட்டு அன்று காலையில் படித்துறையில் நல்ல கூட்டம். மஞ்சள் சரடு, காதோலை கருகமணி, பிள்ளைகள் இழுத்து வந்த சப்பரங்கள். எனக்கு நினைவு தெரிந்து அப்பா அந்த நாளில் ஆற்றுக்கு வந்ததே இல்லை. இந்த வருஷம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் நாலாம் படியில் ஓடியது. மூன்றாம் படியில் உட்கார்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு படி மேலே நின்றேன். "கைய விடு தாத்தா, பூவ விட்டுட்டு வந்துடுறேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் ஆனது. விட்டார்.

அவள் ஒரு படி இறங்கிக் குனிந்து, பூவைத் தண்ணீரில் வைத்து, அது போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதுவரைக்கும் அப்பாவின் கை, மணிக்கட்டைப் பிடித்திருந்த வளைவு மாறாமல், அந்தரத்தில் அப்படியே இருந்தது.