பத்தே நிமிஷம் நடைதானாம்!

கொளுத்துகிற வெயிலில் ஊர் சுற்றத் திட்டம் போடுகிற ஆட்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன ஞாயிறு நண்பர்களோடு வெளியே போனோம். கிளம்பிய நேரம் பதினொன்றரை. காலையிலேயே போய்விடலாமே என்றால் "லீவு நாள்லகூட தூங்க விடமாட்டியா?" சரி, சாயங்காலம்? "இருட்டிடும்." அப்புறம் என்ன, மண்டை பிளக்கிற நேரத்தில்தான் ஊர்வலம்.

வாயைத் திறந்தால் போனை நீட்டுகிறார்கள், "38 டிகிரிதானே" என்று. அந்த 38 வானிலை நிலையத்தில், நிழலில், காற்று புகுந்து போகிற வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தது ஐயா! நாம் நடந்தது தார் ரோட்டில், அது நல்ல வெயிலில் 60 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் வேறு ஏறிவிட்டால் வேர்வை ஊற்றுமே தவிர காயாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

"பத்தே நிமிஷம் நடைதான்" என்பது இன்னொரு அக்கிரமம். மேப்பில் தூரம் தெரியும், நிழல் தெரியுமா? மரங்கள் இருக்கிற தெருவில் சுற்றிக்கொண்டு இருபது நிமிஷம்கூட நடந்துவிடலாம், மொட்டை வெயிலில் அந்தப் பத்து நிமிஷம் முடியாது. இதைச் சொன்னதற்கு எனக்குச் சொகுசுப் பேர்வழி என்று பட்டம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்து வைக்காததால், தாகம் எடுத்தும் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டே நடந்தோம், அதில் சொகுசு எங்கே வந்தது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏசி போட்ட அருங்காட்சியகத்தில் நிம்மதியாக நின்றவனை, "மூணு மணியாச்சு, வெயில் தாழ்ந்துடுச்சு, பூங்காவுக்குப் போலாம் வா" என்று இழுத்தார்கள் பாருங்கள்! சூரியன் தாழ்ந்தால் சூடும் தாழ்ந்துவிடுமா? காலையிலிருந்து குடித்த வெயிலைத் தரை அப்போதுதான் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் அந்த மூன்று, நான்கு மணிதான் நாளிலேயே அதிகச் சூடான நேரம். கல் பெஞ்சில் உட்காரப் போனவன் துள்ளி எழுந்ததைப் பார்த்துச் சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பூங்காவைக் காலையிலும் அருங்காட்சியகத்தை மதியத்திலும் வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அதே இரண்டு இடம்தானே!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குழுவில் செய்தி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, பதினொன்றரைக்கு, யாரும் லேட்டாக வரக்கூடாதாம்.