புலிமான்கோம்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

வைகைக்கரை நாகரிகம் பற்றி நான் படித்த கட்டுரை கீழடியோடு நின்றுவிட்டது மதுரைக்காரனான எனக்குச் சற்றுக் குறையாகவே படுகிறது. ஆற்றின் மேற்புறம், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ள சிற்றூரான புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களுக்கு எடுத்த நினைவுக் கற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்றிருக்கிறது. அதாவது, கூடலூரில் ஆநிரை (பசுக்கூட்டம்) கவர்தலில் மாண்ட ஒருவனுக்கு எடுத்த கல். (கூடல் என்றதும் நம்மவர்கள் மதுரை என்று துள்ளிவிடுவார்கள், கம்பம் பக்கத்துக் கூடலூராகவும் இருக்கலாம்.) தொல்காப்பியம், ஆநிரை கவரும் போரைப் பற்றிய வெட்சித் திணையில் சொல்லும் ‘ஆகோள்’ என்ற அதே சொல், உரையாசிரியர்களின் விளக்கம் எதுவும் வேண்டாமல், மாடு கவரும் ஒரு சண்டையில் இறந்தவனின் பெயரோடு கல்லிலேயே நிற்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.