கதவுக்கு அடியில் குனிந்து பார்த்ததுண்டா?

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதி வீடுகளில் வார்னிஷ் வாடைதான். போன வருஷம் அடித்தது மீன் செதிலாக உரிந்து தொங்கும். அதன் மேலேயே இன்னொரு கோட். கேட்டால், "ஒண்ணும் ஆகாதுண்ணே, நல்லா மின்னும்" என்கிறார் வேலைக்கு வந்தவர். மின்னுவதற்கா வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறோம்?

உள்ளே இருக்கும் அலமாரிக்கு அடிக்கிற வார்னிஷை மேற்கு பார்த்த வாசற்கதவுக்கு அடித்தால் எப்படி நிற்கும்? மதியம் கொளுத்தும் வெயில், சாயங்காலம் கொட்டும் மழை. மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். விறைத்துப்போன வார்னிஷ் அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் சீக்கிரம் வெளியேறவும் முடியாது. நிறமில்லாத பூச்சு என்றால் புற ஊதாக் கதிர் ஊடுருவிப் போய் மரத்தின் நாரைப் பிடித்துவைக்கும் பசையான லிக்னினைச் சிதைக்கிறது. அடியில் மரமே பொடிந்தால் பூச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

முன்பு தோட்டத்து லயத்து வீட்டுக் கதவுகளுக்குக் கெட்டியாக எண்ணெய்ப் பெயிண்ட் அடிப்பார்கள். அழகு கம்மிதான், ஆனால் அந்த நிறமி வெயிலைத் தடுத்தது. இப்போது மரத்தின் வரி தெரிய வேண்டுமாம். சரி, தெரியட்டும். அதற்கு நிறமி கலந்த ஸ்டெயின் என்ற மரச்சாயம் இருக்கிறது, புற ஊதாத் தடுப்புச் சேர்த்த வெளிப்புற வார்னிஷும் இருக்கிறது. கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கையில் கிடைத்த டின்னை நீட்டுகிறார்கள்.

வயிறு எரிவது கதவின் அடிவிளிம்பைப் பார்க்கும்போதுதான். முன்பக்கம் நாலு கோட், அடியில் ஒரு துளி கிடையாது! சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மரம் உயிரோடு நின்றபோது நீர் ஏற்றிய குழாய்கள் அங்கே வாய் திறந்து கிடக்கின்றன. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். தெறிக்கிற மழை, வாசல் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் ஏறும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கீலைக் கழற்றி அடியில் பூச அவ்வளவு கஷ்டமா?

இதில் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், செய்த பெஞ்சை "வெளியிலேயும் போடலாம்" என்று விற்கிறார்கள், தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்களிடமே! பூச்சிக்காக ஏற்றிய போரான் மருந்து மழையில் கரைந்து போய்விடும். அப்புறம் மாவுதான்.

இந்த வருஷமும் ஆள் வருவார். பழசைச் சுரண்டித் தேய்க்காமல் டின்னைத் திறந்தால், மூடிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன்.