கட்சிதாவி என்று திட்டுமுன் வரைபடத்தைப் பாருங்கள்

இங்கிலாந்தை எதிர்த்து நடந்த ஸ்காட்லாந்து விடுதலைப் போர் என்றால் போராளி வாலஸ், மன்னர் புரூஸ் என்று எழுத ஆள் நிறைய. எனக்குப் பிடித்தவர் ஒரு கட்சிதாவி. டன்பாரின் ஒன்பதாம் பிரபு, பேட்ரிக்.

புகார் பொய்யில்லை. 1314இல் பானக்பர்னில் தோற்று ஓடிவந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டுக்குக் கோட்டைக் கதவைத் திறந்து, படகேற்றித் தப்பவிட்டவர் இவர்தான். அப்புறம் புரூஸ் பக்கம் வந்தார். 1320இல் சுதந்திரம் முழங்கிய ஆர்ப்ரோத் பிரகடனத்தில் இவர் பெயரும் இருக்கிறது! 1333இல் ஹாலிடன் மலையில் ஸ்காட்லாந்து தோற்றதும் மறுபடி இங்கிலாந்து. ஓரிரு ஆண்டில் மறுபடி ஸ்காட்லாந்து.

சரி, டன்பார் எங்கே இருக்கிறது? கடலோரம், எல்லையிலிருந்து எடின்பரோ போகும் வழியில். இங்கிலாந்துப் படை வடக்கே கிளம்பினால் மிதிபடுவது இவர் வயல்தான். போதாததற்கு, எல்லைக்குத் தெற்கே நார்தம்பர்லாந்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்கு நிலம். இரண்டு ராஜாவுக்கும் கும்பிடு போட்டே வளர்ந்த வீடு அது. 1296இல் அப்பா இங்கிலாந்து முகாமில் இருந்தபோது, அம்மா மார்ஜரி காமின் ஸ்காட்லாந்துப் படையைக் கோட்டைக்குள் விட்டுவிட்டார். அந்தத் தம்பதி அப்புறம் எந்த முகத்தோடு பேசிக்கொண்டார்களோ!

மனைவி ஆக்னஸ் இன்னும் ஒரு படி மேல். 1338 ஜனவரியில் இங்கிலாந்தின் சால்ஸ்பரி பிரபு டன்பார் கோட்டையை முற்றுகையிட்டபோது பேட்ரிக் ஊரில் இல்லை. கவண்கல் விழுந்த இடத்தைப் பணிப்பெண்களை விட்டுத் துணியால் துடைக்கச் சொன்னார் ஆக்னஸ், தூசி தட்டுவதுபோல. கைதியாக இருந்த ஆக்னஸின் சகோதரர் ஜானைக் கொண்டுவந்து நிறுத்தி, சரணடையாவிட்டால் கொல்வோம் என்று மிரட்டினார்கள். கொன்றால் அவனுடைய மோரே பிரபுப் பட்டம் எனக்குத்தான் வரும் என்று பதில் போனதாம். ஐந்து மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஜூனில் மூட்டை கட்டினார் சால்ஸ்பரி. ஜான் பிழைத்தார். ஆனால் 1346இல் நெவில்ஸ் கிராஸ் போரில் இறந்துபோனார். ஆக்னஸ் சொன்னபடியே மோரே இவர்கள் கைக்கு வந்தது. அதே போர்க்களத்திலிருந்து பேட்ரிக் மட்டும் உயிரோடு நழுவினார், வழக்கம்போல.

பிள்ளை வாரிசு இல்லை. எல்லாம் ஆக்னஸின் சகோதரி மகன் ஜார்ஜுக்குப் போனது. ஜார்ஜின் மகளைக் கட்டுவதாக இருந்த ஸ்காட்லாந்துப் பட்டத்து இளவரசர் கடைசியில் டக்ளஸ் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கொதித்துப்போன ஜார்ஜ் 1400இல் எந்தப் பக்கம் போனார் என்கிறீர்கள்? இங்கிலாந்துதான். 1409இல் திரும்பி வந்துவிட்டார்.