வேலை வெட்டி இல்லாதவர்களின் கூட்டம்

தென்னாப்பிரிக்காவில் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கேட்டு விண்ணப்பித்துப் பதில் வராதவர்கள் ஒரு கூட்டம் போட்டோம், அதைத் திட்டி ஒருவர் பேசிய அந்த வாய்ஸ் நோட்டை நான் இங்கே பகிரப் போவதில்லை. ஜோஹன்னஸ்பர்க் தமிழ் வாட்ஸ்அப் குழு ஏதாவது ஒன்றில் நீங்கள் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே உங்கள் போனுக்கு வந்திருக்கும். வராதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். பேசியவரின் பெயரையும் எழுத மாட்டேன். வயதில் மூத்தவர், நான் எப்போதும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் அண்ணா, ‘வேலை வெட்டி இல்லாத பொம்பளைங்க நாலு பேரு சேர்ந்துக்கிட்டு கவர்மென்ட்டோட மோதப் பாக்குறாங்க, இவங்களால எல்லாருக்கும் கெட்ட பேரு’ என்று சொன்னீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். கூட்டத்துக்கு ஹால் தருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கையை விரித்தார்களே, அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (எடுத்துக்கொண்டேன். அத்தனை பேருக்கும் போன் போட்டு இடம் மாறியதைச் சொன்னது நான்தான்.)

வராமலே விமர்சிப்பவர்களுக்காக, கூட்டத்தில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மிட்ராண்டில் ஒரு குடியிருப்பில், பிராய் (இந்த ஊர்க்காரர்கள் கறி சுடுவது) போடும் இடத்தில் உட்கார்ந்தோம். கொடி இல்லை, கோஷம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு லேப்டாப், கீழ்வீட்டு அடுப்படி ஜன்னல் வழியாக இழுத்த ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், ஒரு தூக்கு நிறையச் சுண்டல். ஒவ்வொருவராக வந்து பிஆர் விண்ணப்பம் கொடுத்த ரசீதைக் காட்டினார்கள். எப்போது கொடுத்தது, எந்தப் பிரிவில் கொடுத்தது, கடைசியாக ஸ்டேட்டஸ் என்ன காட்டுகிறது என்று ஒரு பெண் டைப் செய்துகொண்டே போனாள். ஒரு பெரியவரின் ரசீது மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் சரியாக எண்ணே தேய்ந்துபோயிருந்தது. அவருடைய பேத்தி போன் டார்ச்சைக் கீழேயிருந்து அடித்து, ‘தாத்தா, இது மூணா எட்டா’ என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னாள். இவ்வளவுதான் நாங்கள் செய்த புரட்சி.

நாங்கள் பிஆர் கொடு என்று கேட்கவே இல்லை. கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப் போகிறேன். கொடுப்பதானால் கொடுங்கள், மறுப்பதானால் மறுத்துவிடுங்கள், ஆனால் பதில் சொல்லுங்கள் என்கிறோம். மறுத்தால் அப்பீல் போகலாம், இல்லை பெட்டியைக் கட்டலாம். பதிலே இல்லாவிட்டால் என்ன செய்வது? பிள்ளையைப் பள்ளி மாற்றலாமா, வீடு வாங்கலாமா, ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் போய்விட்டுத் திரும்பி வர முடியுமா, எதற்கும் விடை கிடையாது.

2002-ஆம் வருடக் குடிவரவுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வேலை விசாவில் 5 வருடம் தொடர்ந்து இருந்தவர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. 27-ஆம் பிரிவில் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்காரர்களுக்கு, அதாவது நாட்டுக்கு அவசியமான திறமை உள்ளவர்களுக்கு, ஒரு வழி இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் பிஆர் விண்ணப்பம் வாங்குவதையே நிறுத்தினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். ஏற்கெனவே வரிசையில் நின்றவர்கள் நிற்க, அந்த இரண்டு வருடமும் வெளியே காத்திருந்தவர்கள் மொத்தமாக உள்ளே வந்தார்கள்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத கொடுமை ஒன்று உண்டு. பிஆர் விண்ணப்பம் கையில் இருப்பதால் மட்டும் இந்த நாட்டில் தங்கிவிட முடியாது. இருக்கிற தற்காலிக விசா காலாவதியானால் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தனி வரிசை, தனிக் கட்டணம், மறுபடியும் போலீஸ் சான்றிதழ். அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அந்த வரிசையும் அடைத்துக்கொண்டதால்தான் ‘விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் இந்தத் தேதி வரை தங்கலாம்’ என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக வந்தது. ஒரு தடவை 2024 ஜூன் 30 வரை என்றார்கள், அப்புறம் டிசம்பர் 31 வரை. ஒவ்வொரு தேதியும் நெருங்க நெருங்க எங்கள் வீடுகளில் தூக்கம் கிடையாது. ஏனென்றால் விசா முடிந்தபிறகு 30 நாளுக்கு மேல் தங்கினால் 5 வருடம் உள்ளே வர முடியாது, அதற்குக் குறைவாகத் தங்கினாலே 12 மாதம்.

‘அதான் புது அமைச்சர் வந்து எல்லாத்தையும் முடிச்சுட்டாரே, இன்னும் என்ன கத்தல்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். 2024 ஜூலையில் லியான் ஷ்ரைபர் உள்துறை அமைச்சராகப் பொறுப்பேற்றபோது 3 லட்சத்துக்கும் மேல் விசா விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. அதில் பெரும்பகுதியை மளமளவென்று தீர்த்தார்கள், நானும் கைதட்டினேன். மனசு வைத்தால் வேலை நடக்கும் என்று இதிலிருந்தே தெரியவில்லையா? அப்படியென்றால் இன்னும் பதில் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறந்து ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று சொல்வதில் என்ன குற்றம்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்.

சரி, ‘வேலை வெட்டி இல்லாத’ என்பதற்கு வருகிறேன்.

எனக்கு வேலை இல்லைதான் அண்ணா. என் கணவர் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவில் வந்தார், நான் கூட வந்த மனைவி. கூட வந்த மனைவிக்குக் கொடுப்பது வெறும் வருகையாளர் விசா. அதில் வேலை பார்க்கக் கூடாது. பாளையங்கோட்டையில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள் நான். கணக்குக்கும் அறிவியலுக்கும் வாத்தியார் கிடைக்கவில்லை என்று இங்கே பேப்பரில் படிக்கும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்யும். பக்கத்து வீட்டுப் பையன் மெட்ரிக் (நம் பிளஸ் டூ மாதிரி) படிக்கிறான், சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். சொல்லிக் கொடுக்கிறேன். காசு வாங்கினால் சட்ட விரோதம், அதனால் அவன் அம்மா மில்க் டார்ட் (இந்த ஊர்ப் பால் பலகாரம்) செய்து அனுப்புகிறார். என் பதினான்கு வருட வாத்தியார் அனுபவத்துக்கு இப்போது ஊதியம் மில்க் டார்ட். நன்றாகத்தான் இருக்கிறது, பட்டை கொஞ்சம் தூக்கலாகப் போடுவார்.

இந்த நிலைமையில் இருக்கிறவளைப் பார்த்து ‘வேலை வெட்டி இல்லாதவள்’ என்று சொல்ல எப்படி மனசு வந்தது? நான் வேலைக்குப் போவதற்காகத்தானே அந்தப் பதிலையே கேட்கிறேன்!

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இதுவரை எழுதியதில்லை. விசா தேதி முடிந்துவிட்டது, ஆனால் சுற்றறிக்கைப்படி நாங்கள் சட்டப்படிதான் இருந்தோம். எங்கள் கணக்கு இருந்த வங்கிக்கு அதெல்லாம் புரியவில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் தேதி முடிந்தது, கணக்கு முடங்கியது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சூப்பர்மார்க்கெட் பில் போடும் இடத்தில் நிற்கிறேன். கார்டு எடுக்கவில்லை. திரும்ப ஒரு தடவை வைக்கச் சொன்னாள் அந்தப் பெண். எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் வண்டியை லேசாக என் காலில் இடித்துவிட்டு ‘சாரி’ என்றார். அரிசி மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன், எண்ணெயை எடுத்து வைத்தேன், கையில் இருந்த சில்லறைக்குப் பாலும் பிரெட்டும் மட்டும் வாங்கினேன். என் மகன் தன் சாக்லேட்டை அவனாகவே எடுத்துத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு வந்தான். நான் எதுவும் சொல்லவில்லை, அவனாகத்தான் வைத்தான். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது.

வங்கியில் போய்ச் சுற்றறிக்கையைக் காட்டினால் ‘இது எங்களுக்கு வரவில்லை’ என்றார்கள். அரசாங்கத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது என்றேன். அதைத் திறந்து பார்க்கக்கூட அந்தத் தம்பிக்கு மனமில்லை. அன்றைக்கு எனக்குத் துணைக்கு வந்தது யார் தெரியுமா? எங்கள் மாடியில் இருக்கும் ஒரு நைஜீரியப் பெண். ‘உன்னைப் போல் எங்களில் பல பேர், நாங்கள் ஒரு குழு வைத்திருக்கிறோம், கடிதம் எழுதுவோம்’ என்றாள். அவர்கள் எழுதிக்கொடுத்த கடிதத்தில்தான் கணக்கு திறந்தது. நம் ஆட்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? ‘தெரிஞ்ச ஏஜென்ட் இருக்கார், பேசட்டுமா’ என்றீர்கள்.

ஏஜென்ட்! இதைப் பற்றியும் பேசிவிடுவோம். ‘கூட்டம் எதுக்கு, காசு குடுத்தா முடிஞ்சுது’ என்று என்னிடம் நேரிலேயே சொன்னவர்கள் உண்டு. உள்துறை அமைச்சர் அமைத்த, லுபிசி தலைமையிலான விசாரணைக் குழு 2022-ல் கொடுத்த அறிக்கையை யாராவது படித்தீர்களா? 2004 முதல் 2020 வரை கொடுக்கப்பட்ட அனுமதிகளில் என்னென்ன முறைகேடு என்று தோண்டினார்கள். அப்படிக் காசு கொடுத்தவர்களால்தான் இன்று ஒழுங்காக வரிசையில் நிற்பவனின் ஃபைலையும் சந்தேகத்தோடு புரட்டுகிறார்கள். காசு கொடுப்பது உங்களுக்குக் கௌரவம், கடிதம் கொடுப்பது கெட்ட பேர். நன்றாக இருக்கிறது நியாயம்.

‘ஃபைலை பிளாக் லிஸ்ட் பண்ணிடுவாங்க’ என்று பயமுறுத்துகிறார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் படிக்கத் தெரியும். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு அமைதியாகக் கூடவும் மனுக் கொடுக்கவும் உரிமை தருகிறது, குடிமகனாக இல்லாதவனுக்கும் சேர்த்துத்தான். 33-ஆம் பிரிவு அரசு நிர்வாகம் நியாயமாக நடக்க வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த 2000-ல் வந்த சட்டப்படி, முடிவே எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைக்கூட நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். தகவல் கேட்கும் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஜிம்பாப்வேக்காரர்கள் இங்கே தங்கி வேலை பார்க்கக் கொடுத்திருந்த விலக்கு அனுமதியை, கிட்டத்தட்ட 1,78,000 பேருடையதை, நிறுத்தப் பார்த்தபோது ஹெலன் சுஸ்மன் அறக்கட்டளை வழக்குப் போட்டது. பாதிக்கப்படுகிறவர்களைச் சரியாகக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு செல்லாது என்று 2023 ஜூனில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக யார் ஃபைலைக் கிழித்தார்கள்? நமக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை.

‘நேரம் சரியில்லை’ என்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. 2008 மே மாதத்தில் வெளிநாட்டவர் மீது நடந்த தாக்குதலில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021-ல் சோவேட்டோவில் கிளம்பிய ஆபரேஷன் துடுலா என்ற வெளிநாட்டவர் எதிர்ப்பு இயக்கம் இன்று எங்கெங்கோ பரவியிருக்கிறது. வேலை தேடும் இந்த ஊர்க்காரர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை, அவர்களுக்குக் கோபம் வருவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிந்து வாழ்கிறவனா ரசீதோடு வந்து ‘என் பெயர் இது, என் எண் இது, பதில் சொல்’ என்று கேட்பான்? எங்களைவிடச் சட்டத்தை மதிக்கிற ஆட்கள் யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. வருடா வருடம் தில்லையாடி வள்ளியம்மை படத்துக்கு மாலை போடுகிறோமே, அந்தப் பெண் எதற்காக ஜெயிலுக்குப் போனாள்? அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்கு எல்லை தாண்டிய காந்தியின் போராட்டத்தில் போனாள். இந்தியர்கள் மீது போட்ட 3 பவுண்டு வரி, அவர்கள் கல்யாணம் செல்லாது என்ற தீர்ப்பு, குடியேறிகள் சட்டம், எல்லாம் காகிதப் பிரச்சினைதான். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் செத்தபோது பதினாறு வயது. அவளும் வேலை வெட்டி இல்லாத பெண்தான் போலிருக்கிறது. அப்போது வாட்ஸ்அப் இருந்திருந்தால் ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா வம்பு’ என்று அவளுக்கும் ஒரு வாய்ஸ் நோட் போயிருக்கும்.

1860-ல் டர்பனில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை, நீங்கள் இந்த நாட்டின் நிரந்தர மக்கள்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1961-ல். அதுவரை ‘இலவசமாகக் கப்பல் ஏற்றிவிடுகிறோம், போய்விடுங்கள்’ என்றுதான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நூறு வருடம் அவர்கள் கேட்டதற்குப் பலன் அது. லெனேஷியாவிலும் சாட்ஸ்வொர்த்திலும் அவர்கள் வழிவந்த, தமிழ் பேச வராத எத்தனையோ பேர் எங்கள் கூட்டத்துக்கு இடம் தரட்டுமா என்று கேட்டார்கள். இடம் இல்லை என்றவர்கள் நம்மோடு விமானத்தில் வந்தவர்கள், நமக்கு முன்னால் பிஆர் வாங்கிவிட்டவர்கள். ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி.

நான் அதிகம் பேசுகிறேன் என்று இப்போதே யாரோ டைப் செய்துகொண்டிருப்பார். பேசுவேன். பொங்கல் விழாவுக்கு இருநூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்ட இந்த வேலை வெட்டி இல்லாத பொம்பளைகள்தான் வேண்டும். கோலம் போட, பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக் கொடுக்க, விருந்தாளிக்கு ரோஜாப்பூக் கொடுத்துச் சிரிக்க நாங்கள் வேண்டும். மேடையில் நன்றியுரையில் ‘நம் சகோதரிகள்’ என்று ஒரு வரி சொல்வீர்கள், கைதட்டுவோம். அதே சகோதரி தன் ஃபைல் எங்கே என்று கேட்டால் சங்கத்துக்குக் கெட்ட பேர். போன பொங்கலுக்கு அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்ததில் என் விரல் நகம் பெயர்ந்தது, அன்றைக்கு யாரும் எனக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மாலை, அதே இடம். ரசீதின் நகல், விசாப் பக்கத்தின் நகல், ஃபைல் பற்றி வந்த மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட் ஒரிஜினல் வேண்டாம், யாரிடமும் கொடுக்காதீர்கள். தகவல் கேட்கும் மனுவை அங்கேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். நாடாளுமன்ற உள்துறைக் குழுவுக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவைப் படித்துக் காட்டுவோம், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். 21 வயதை நெருங்கும் பிள்ளைகள் இருப்பவர்கள் முதலில் வந்துவிடுங்கள், பெற்றோரை வைத்து அவர்கள் விண்ணப்பிக்கும் வழி அந்த வயதோடு அடைபடும், அதனால் உங்கள் ஃபைலைத்தான் முதலில் எழுதுகிறோம். கமெண்டில் ஏஜென்ட் நம்பர் போடுபவர்களை பிளாக் செய்துவிடுவேன், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.